எளிய வழிகள் பத்து

ஸ்ரீரங்கம்
3 மார்ச் 2025, திங்கள்

அன்புள்ள மேகலை,

நேற்று உன் அண்ணனுக்கு போன் செய்தேன். "அவ போன்ல பேச மாட்டேங்கிறா மாப்ள. ஏதாவது சொல்லணும்னா லெட்டர் போடச் சொல்லுங்கிறா" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. தபால் ஆபீசைத் தேடிப் போய் கவர் வாங்கி வந்தேன்.

கை எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. மணிக்கட்டில் பிளேட் வைத்த இடத்தில் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நம் வீட்டுக்கு வராமல் அண்ணனோடு நேராக மருங்காபுரிக்குப் போய்விட்டாய். அதில் எனக்கு வருத்தம் உண்டு. மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் தூக்கிப் போகும்போது படியில் வழுக்கி விழுவது யாருக்கும் நடக்கக்கூடிய விபத்துதான். அதற்காகப் புருஷனோடு பேசாமல் இருப்பதா?

ஒரு நல்ல செய்தி. வரும் வெள்ளிக்கிழமையோடு நான் ஆட்டோ, கார், பைக் எதிலும் ஏறாமல் சரியாக ஒரு வருஷம் நிறைவடைகிறது. சைக்கிளும் பஸ்ஸும் மட்டும்தான். அதற்காக சம்ரீன் டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விழா வைத்திருக்கிறார். 'பூமிக்கு எளிய வழிகள் பத்து' என்று நான் வழக்கமாகப் பேசுவேனே, அதை மறுபடி பேசச் சொல்லியிருக்கிறார். முன் வரிசையில் நீ உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும். அண்ணனோடு காலை பஸ்ஸில் வந்து மாலையே திரும்பிவிடலாம்.

பிறகு, வீட்டு விஷயங்கள். துணி துவைக்கும் பூந்திக்கொட்டைத் தூளை எங்கே வைத்திருக்கிறாய்? டிடர்ஜென்ட் வாங்கக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறேன், ஆனால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டுப் போக யூனிபாரம் இல்லை. வெண்டைச் செடிக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர்? காய்கறித் தோல் போடும் உரத் தொட்டி ஒரு வாரமாக நாறுகிறது. நீ இருந்தபோது நாறியதே இல்லையே, அதில் என்ன கலப்பாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹரிஹரசுதன்

•

மருங்காபுரி
5 மார்ச்

இடது கையால எழுதுறேன். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆகுது.

பூந்திக்கொட்டைத் தூள் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பழைய காப்பி பாட்டில்ல.

வெண்டைக்கு தினமும்.

விழாவுக்கு வரல.

வழுக்கி விழுந்தது விபத்து. ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் ஒடிஞ்ச கையோட பஸ்ல நிக்க வெச்சு கூட்டிட்டுப் போனீங்களே, அது என்ன?

மேகலை

•

ஸ்ரீரங்கம்
11 மார்ச்

மேகலை,

உன் கடிதம் விழா முடிந்த மறுநாள்தான் கிடைத்தது.

விழா நன்றாக நடந்தது. சால்வை போர்த்தினார்கள். என் போட்டோவைப் பள்ளிக்கூட வராந்தாவில் மாட்டியிருக்கிறார்கள். "வீட்டம்மா வரலையா சார்?" என்று டீச்சர் கேட்டார். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். பொய் இல்லையே.

நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். சுளுக்கு என்றுதான் நான் நினைத்தேன். எலும்பு முறிந்திருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கணவன் பெண்டாட்டியை பஸ்ஸில் கூட்டிப்போவான்? என்னை நீ அப்படிப்பட்டவன் என்று நினைத்துவிட்டாயே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை உரத் தொட்டியைச் சுத்தம் செய்யக் கீழே தூக்கி வந்தேன். புழு நெளிகிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழ் வீட்டு ஆனந்தவள்ளி அக்கா வாசல் தெளித்துக்கொண்டே சொல்கிறார்: "எதுக்குத் தம்பி இந்தப் பாடு? மேகலை மாதிரி குப்பை வண்டியிலயே கொடுத்துட வேண்டியதுதானே?"

"மேகலை வண்டியில கொடுத்தாளா?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? அக்டோபர்ல இருந்தே வாளியில கொண்டாந்து கொடுத்துடுவாளே" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று உள்ளே போய்விட்டார்.

அக்டோபர். நாலு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாய். ஜனவரியில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நாம் போட்டோ எடுத்தோம். நீதான் மூடியைத் திறந்து சிரித்துக்கொண்டே காட்டினாய். அந்தப் போட்டோவை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன் தெரியுமா? அந்தக் கருப்பு மண் என்ன? எங்கிருந்து வந்தது?

பஸ்ஸைப் பற்றிக் கேட்கும் முன் இதற்குப் பதில் சொல்.

ஹரிஹரசுதன்

•

மருங்காபுரி
20 மார்ச்

என்னங்க,

இதை நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்குங்க.

அந்தக் கருப்பு மண்ணு நர்சரியில வாங்கினது. நீங்க போட்டோ எடுக்கப் போறோம்னு சொன்ன அன்னைக்குக் காலையில போய் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து கொட்டினேன். பிளாஸ்டிக் பையிலதான் கொடுத்தாங்க. பையை ஆனந்தவள்ளி அக்கா வீட்ல ஒளிச்சு வெச்சேன்.

உங்களை ஏமாத்தினது தப்புதான். அந்தப் போட்டோவை நீங்க யார்கிட்டயாவது காட்டுறப்பல்லாம் நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சொன்னா நீங்க கோபப்பட மாட்டீங்க, உட்கார வெச்சுப் பேசுவீங்க. வெங்காயத் தோல் மண்ணாகுறது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு மணி நேரம் பேசிட்டு, காலையில சைக்கிள் எடுத்துட்டு பொன்மலைக்குப் போயிடுவீங்க. தொட்டி என்கிட்டயே இருக்கும். அதுக்குப் பயந்துதான் சொல்லல.

மக்குற குப்பையைத் தனியா கொடுத்தா வண்டிக்காரங்க கொண்டு போய் உரம் ஆக்குறாங்க. உங்களுக்கும் அது தெரியும். அது போதாதுன்னு ஏன் நினைச்சீங்க? வண்டியில கொடுத்தா போட்டோ எடுக்க முடியாதுன்னா?

பத்து வழின்னு பேசுறீங்களே, அதுல ஏழு வழி என் கை வழியாத்தான் போகுது. வாஷிங் மெஷினை வேண்டாம்னு தூக்கிக் கொடுத்தது நீங்க, துவைச்சது நான். துவைச்ச தண்ணி வீணாகக் கூடாதுன்னு சொன்னது நீங்க, அதை இருபத்திரண்டு படி தூக்கினது நான். உங்க டிபன் பாக்ஸ்ல சுத்துற துணி, கடைக்குப் போற பை, கைக்குட்டை எல்லாத்தையும் தினமும் அலசிப் போட்டது யாரு? இதுக்கு நடுவுலதான் ரவிக்கை தைக்கிறேன். கல்யாண சீசன்ல பத்துப் பதினஞ்சு ரவிக்கை கிடக்கும். ஊறின விரலோட ஹெம்மிங் பண்ணினா துணியில ஈரம் பட்டுடும்னு, கையைக் காய வெச்சுக்கிட்டு ஃபேனுக்கு அடியில நிப்பேன். ஃபேனை அணைக்கச் சொல்வீங்க.

இன்னொண்ணு. இதையெல்லாம் ஆரம்பிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா? கல்யாணம் ஆன புதுசுல திருவானைக்கோவில் கறிக்கடைக்கு நான் எவர்சில்வர் டப்பா எடுத்துட்டுப் போவேன். நீங்க வெட்கப்பட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பீங்க. "ஒரு கவர்ல வாங்குனா என்ன கொறைஞ்சா போயிடும்?"னு கேட்டீங்க. எனக்கு இது பிடிச்சிருந்துச்சுங்க. யாரும் சொல்லிக் கொடுக்காம எனக்கே பிடிச்சிருந்துச்சு. அதான் கோபம். எனக்குப் பிடிச்ச ஒண்ணை உங்க பேர்ல மாத்திக்கிட்டு, திரும்ப எனக்கே வேலையா கொடுத்துட்டீங்க.

பஸ் விஷயம். சுளுக்குன்னு நினைச்சேன்னு எழுதியிருக்கீங்க. என் மணிக்கட்டு மேல மேடா, கீழ பள்ளமா வளைஞ்சு தொங்குச்சு. நீங்க அதைப் பார்த்தீங்க. பார்த்துட்டு ரோட்டைப் பார்த்தீங்க. பஸ் ஸ்டாப்ல அந்தப் பிள்ளைங்க கேட்டதும், நீங்க பதில் சொன்னதும் எனக்கு மறக்கல.

லெட்டர்ல எழுதுறப்ப மேடையில பேசுற மாதிரி எழுதாதீங்க. யாரோ எழுதின மாதிரி இருக்கு.

மேகலை

•

ஸ்ரீரங்கம்
27 மார்ச்

மேகலை,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். மூணுலயும் நான் நல்லவனாவே இருந்தேன். நீ சொன்ன மாதிரி பேசுறபடியே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குத் தெரியும். படியிலயே தெரியும். ஒர்க்‌ஷாப்ல கை ஒடிஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன். நீ பக்கெட்டோட உருண்டு வந்து கீழ்ப்படியில உட்கார்ந்து, வலது கையை இடது கையில ஏந்திக்கிட்டு, "என்னங்க, இது என் கை மாதிரியே இல்ல"ன்ன. அப்பவே தெரியும்.

பரண்ல இருந்த துண்டை எடுத்து உன் கையில சுத்தினேன். ஆடாம இருக்கும், வலி குறையும்னு உன்கிட்ட சொன்னேன். அதுக்காகச் சுத்தல. வெளியில யாரும் பார்க்கக் கூடாதுன்னு சுத்தினேன். பார்த்தா ஆட்டோ பிடிங்கன்னு சொல்வாங்க.

அம்மா மண்டபம் ரோட்ல ஒரு ஆட்டோக்காரர் தானாவே வண்டியை ஓரங்கட்டினார். "என்ன சார், அம்மாவுக்குக் கையா? ஏறுங்க, அஞ்சு நிமிஷத்துல விட்டுடறேன்"னார். நீ ஒரு அடி எடுத்து வெச்ச. நான், "வேண்டாங்க, பஸ் வந்துடும்"னேன். நீ எடுத்து வெச்ச அடியைத் திரும்ப வெச்சுக்கிட்ட. அதை நான் பார்த்தேன் மேகலை. பார்க்காத மாதிரி இருந்தேன்.

பத்தடி தள்ளி ஸ்டாப்ல சம்ரீன் டீச்சர் ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு பேர் யூனிபாரத்தோட நின்னாங்க. "சைக்கிள் சார், சைக்கிள் சார், இன்னைக்கு எத்தனாவது நாள்?"னு கேட்டாங்க. நான், "முந்நூத்தி நாப்பத்திரண்டு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பக்கத்துல நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்ன. இன்னும் இருபத்து மூணு நாள்தான் இருக்குன்னு என் மனசு கணக்குப் போட்டுச்சு. உன் கையை வெச்சுக்கிட்டு நான் அதைத்தான் நினைச்சேன்.

பஸ்ல கூட்டம். காவிரிப் பாலத்துல டிரைவர் பிரேக் போட்டதும் ஒரு ஆள் உன் மேல சாய்ஞ்சு நீ கத்தின. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி அடுத்த பஸ். புத்தூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. உனக்கு எக்ஸ்ரே எடுத்தப்புறம் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். "எலும்பு ரொம்ப விலகியிருக்கே, நரம்பும் நசுங்கியிருக்கு. வர்றப்ப கை நல்லா ஆடியிருக்கும் போல. எதுல வந்தீங்க?"ன்னு கேட்டார்.

"ஆட்டோவில"ன்னு சொன்னேன்.

ஒரு வருஷம் ஆட்டோவில ஏறலைன்னு ஊரெல்லாம் சொன்னவன், அந்த ஒரு இடத்துல மட்டும் ஏறினேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் இருபத்து மூணு நாள் கழிச்சு சால்வை வாங்கிட்டேன். டாக்டர் சொன்னதை உன்கிட்டயும் சொல்லல, உன் அண்ணன்கிட்டயும் சொல்லல.

இப்ப தினமும் நானே துவைக்கிறேன். ரெண்டு பக்கெட் தண்ணியைத் தூக்கி ஏறினா அப்புறம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கு. ஷிப்டுக்கு ரெண்டு தடவை லேட்டாயிட்டேன். வெண்டை பாதி காய்ஞ்சு போச்சு. இதை உனக்கு இரக்கம் வரணும்னு எழுதல. ஆறு வருஷம் ஒரே வீட்ல இருந்தும் இதை நான் பார்க்கலைங்கிறதுக்காக எழுதுறேன்.

மன்னிச்சுடுன்னு எழுத எனக்கு வாய் இல்ல.

சுதன்

•

மருங்காபுரி
6 ஏப்ரல்

என்னங்க,

லெட்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு. அண்ணன் கையில இருந்து வாங்கிப் படிச்சுட்டு அலமாரியில துணிக்கு அடியில வெச்சுட்டேன். திரும்ப எடுக்கப் பயமா இருந்துச்சு.

பஸ் ஸ்டாப்ல நடந்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா தெரிஞ்சிருந்தும், நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டேனோன்னு ஒரு சந்தேகத்தைக் கையில பிடிச்சு வெச்சிருந்தேன். அதை நீங்க பிடுங்கிட்டீங்க. துண்டு விஷயம் எனக்குத் தெரியாது. வலிக்குதேன்னு சுத்திவிட்டீங்கன்னு நினைச்சேன். அந்த நாள்ல நல்லதா ஒண்ணு அதுதான் எனக்கு மிச்சம் இருந்துச்சு.

டாக்டர்கிட்ட சொன்ன பொய்யைப் படிச்சதும் உங்க போட்டோவை போன்ல இருந்து அழிச்சேன். அப்புறம் திரும்ப எடுத்து வெச்சேன். ஏன்னு தெரியல.

என் பக்கமும் ஒண்ணு இருக்கு. அந்த ஆட்டோவுல நான் ஏறியிருக்கலாம். என் காலு நல்லாத்தான் இருந்துச்சு, வாயும் இருந்துச்சு. "நான் போறேன், நீங்க பஸ்ல வாங்க"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்தப் பிள்ளைங்க முன்னாடி உங்களைக் கீழ இறக்கக் கூடாதுன்னு சும்மா இருந்தேன். அவங்க உங்களைப் பார்க்கிற பார்வை எனக்கும் பிடிச்சிருந்துச்சு. 'சைக்கிள் சார் சம்சாரம்'னு கடையில சொன்னா எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். என் கைக்கு நானும் துரோகம் பண்ணியிருக்கேன்.

போன வாரம் துவரங்குறிச்சியில பிசியோதெரபி டாக்டர் பார்த்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசா மடங்காதுன்னு சொல்றார். பயிற்சி பண்ணினா இன்னும் கொஞ்சம் மடங்கலாம். ஊசி பிடிக்க முடியுது, ஆனா துணியை இழுத்துப் பிடிக்க முடியல. ஹெம்மிங், ஹூக் வைக்கிறது எல்லாம் இனி எப்படின்னு தெரியல. இதை உங்களைக் குத்திக் காட்ட எழுதல. எழுதாம இருந்தா நானும் மறைச்ச மாதிரி ஆயிடும்.

இங்க ஒரு கூத்து. மயிலம்மாள் அண்ணி வெந்நீர் அடுப்புல பால் கவர், பிஞ்ச செருப்பு, பிஸ்கட் பேப்பர் எல்லாத்தையும் போட்டு எரிக்கிறாங்க. ஒரே கருகல் புகை. ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, "அண்ணி, அதை எரிக்காதீங்க. பக்கத்துல நின்னு சுவாசிக்கிறது நீங்கதானே"ன்னேன்.

"பின்ன எங்கம்மா போடறது?"ன்னாங்க. "உங்க ஊரு மாதிரி இங்க தினமும் வாசல்ல வண்டியா வந்து நிக்குது? காட்டுல வீசினா ஆடு தின்னுடும். போன வருஷம் சினை ஆடு ஒண்ணு வயிறு உப்பிச் செத்துச்சு. அறுத்துப் பார்த்தா உள்ள பூராவும் கவரு. அதுல இருந்துதான் எரிக்கிறேன்."

உங்க பத்து வழியிலயும் அதுக்குப் பதில் இல்ல.

ஆனா விட மனசில்லாம, பால் கவரை மட்டும் கழுவிக் காயவெச்சு ஒரு சாக்குல சேர்த்தேன். அண்ணன் துவரங்குறிச்சி போறப்ப பழைய சாமான் கடையில போட்டுட்டு வந்தாரு. அண்ணி இப்ப அவங்களே கழுவித் தொங்கவிடுறாங்க. செருப்பை இன்னும் எரிக்கிறாங்க. கவரைக் கழுவிக்கிட்டு இருந்தப்பதான் தோணுச்சு, எனக்கு இது இன்னும் பிடிச்சிருக்கு. உங்களுக்காகப் பண்ணினது இல்ல இது.

ஒண்ணு கேட்கிறேன். இதையெல்லாம் எனக்கு மட்டும் எழுதியிருக்கீங்க. உங்க போட்டோ அங்க வராந்தாவுல தொங்கிக்கிட்டுத்தானே இருக்கு?

மேகலை

•

ஸ்ரீரங்கம்
16 ஏப்ரல்

மேகலை,

நேத்து சம்ரீன் டீச்சர் ஸ்கூலுக்குப் போனேன். பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைங்களோட அஞ்சு நிமிஷம் பேசணும்னு கேட்டேன். புது வழி ஏதோ சொல்லப் போறேன்னு நினைச்சு டீச்சர் சந்தோஷமா கூட்டிட்டுப் போனாங்க.

எல்லாத்தையும் சொன்னேன். படி, துண்டு, ஆட்டோ, பஸ், டாக்டர்கிட்ட சொன்ன பொய். உன் விரல் மடங்காதுங்கிறதையும் சொன்னேன். "அந்தப் போட்டோவை எடுத்துடுங்க, அதுல இருக்கிற ஆள் நான் இல்ல"ன்னேன். பின் வரிசையில ஒரு பொண்ணு, "ஆன்ட்டி உங்களைத் திட்டலையா சார்?"னு கேட்டுச்சு. ரெண்டு பேர் சிரிச்சாங்க. "திட்டினா தேவலையே"ன்னேன்.

எனக்கு மனசு லேசாச்சு. அந்த நிமிஷம் வரைக்கும்.

அப்ப முன்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு எழுந்து நின்னுச்சு. பஸ் ஸ்டாப்ல இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தி. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "சார், நாங்க எத்தனாவது நாள்னு கேட்டோமே. அதனாலதான் நீங்க ஆன்ட்டியை ஆட்டோவுல கூட்டிட்டுப் போகலையா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லம்மா, நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே ஆட்டோவை அனுப்பிட்டேன். தப்பு முழுக்க என்னோடது"ன்னேன். தலையாட்டிச்சு. ஆனா உட்கார்ந்தப்புறம் டெஸ்க்ல தலையைக் கவுத்துக்கிச்சு.

வெளிய வந்ததும் டீச்சர் வராந்தாவுல என்னை நிறுத்தினாங்க. அவங்க கோபப்பட்டு நான் பார்த்ததே இல்ல. "சார், நீங்க பண்ணினது தப்பு, அதைச் சொல்லணும்னு நினைச்சது சரி. ஆனா உங்க மனசுல இருந்த பாரத்தை இறக்கி ஒரு ஏழாவது படிக்கிற பிள்ளை தலையில வெச்சுட்டுப் போறீங்களே. என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே?"ன்னாங்க.

அவங்களே ஸ்டூல் போட்டு ஏறி போட்டோவைக் கழட்டிக் கொடுத்தாங்க. பையில வெச்சுக்கிட்டு வந்தேன். சைக்கிளை மிதிக்க முடியாம பாதி தூரம் தள்ளிக்கிட்டே வந்தேன்.

யோசிச்சுப் பார்க்கிறேன். நல்லது பண்றப்பவும் எனக்கு முன்னாடி நாலு பேர் உட்கார்ந்திருக்கணும். தப்பை ஒத்துக்கிறப்பவும் நாலு பேர் உட்கார்ந்திருக்கணும். புத்தூர் டாக்டரைத் தனியா பார்த்து உண்மையைச் சொல்லிட்டு வந்தேன், அதுக்கு முந்தின நாள். "இப்ப சொல்லி நான் என்ன செய்யறது, அந்தம்மாவை ஒழுங்கா பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க"ன்னார். அது யாரும் பார்க்காத இடம். அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க. ஜூன்ல நீ வந்து பேசினா நல்லா இருக்கும்னு. உன்கிட்ட கேட்கிறேன்னு மட்டும் சொன்னேன்.

வீட்ல எதையும் நான் மாத்தல, எதையும் வாங்கல. நானா முடிவு பண்ணி, 'பார், உனக்காகப் பண்ணினேன்'னு நிக்கிறது பழைய புத்தி. இந்த வீட்ல எது இருக்கணும், எது வேண்டாம்னு நீ சொல்லு. வரலைன்னாலும் சொல்லு.

சுதன்

•

மருங்காபுரி
23 ஏப்ரல்

என்னங்க,

அந்தப் பொண்ணைப் பத்திப் படிச்சதும் உங்க மேல இருந்த கோபம் வேற பக்கமா திரும்பிடுச்சு. என்ன மனுஷன்யா நீங்க. டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவ பேரு என்ன, வீடு எங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டு வைங்க. நான் வந்ததும் முதல் வேலை அதுதான். என் கையை அவளே தொட்டுப் பார்க்கட்டும். "உன்னால இல்லடி கண்ணு"ன்னு நான் சொன்னாத்தான் அவளுக்கு ஆறும். நீங்க வர வேண்டாம், நான் மட்டும் போறேன்.

ஜூன்ல பேசுறதெல்லாம் என்னால ஆகாது. மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். டீச்சருக்கு எவர்சில்வர் டப்பா எந்தக் கடையில இறுக்கமான மூடியோட கிடைக்கும்னு வேணும்னா சொல்றேன்.

வீட்டு விஷயம் கேட்டீங்க. சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. துணி துவைக்க மெஷின் வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல, உங்க ஒர்க்‌ஷாப்ல யாராவது விற்பாங்க. அதுல இருந்து வர்ற கடைசித் தண்ணியைக் கக்கூஸுக்கு ஊத்திக்கலாம், அது ஒரே தளம், யாரும் படி ஏற வேண்டாம். மாடியில ஆறு தொட்டி போதும், அது உங்களோடது. உங்களால தூக்க முடிஞ்ச அளவு வளரட்டும். மக்குற குப்பை காலையில வண்டிக்கு, கொண்டு போய்க் கொடுக்கிறது ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான். கறிக்கடை டப்பா என்னோடது, அதை யாரும் தொடக் கூடாது. பூந்திக்கொட்டை பட்டுப் புடவைக்கு மட்டும். வெயில்ல ஃபேன் ஓடும். சைக்கிள்ல போறது உங்களுக்குப் பிடிச்சிருந்தா போங்க. நாளை மட்டும் எண்ணாதீங்க.

எதைச் செய்யறதா இருந்தாலும் செய்யற கைக்குச் சம்மதம் இருக்கணும். எனக்கு வேற வழி எதுவும் தெரியல.

நேத்து அண்ணி தையல் மிஷின்ல உட்கார்ந்து பார்த்தேன். நேர்த் தையல் போடுறது வருது, வளைவுலதான் விரல் பின்வாங்குது. ஆனந்தவள்ளி அக்காகிட்ட போன்ல கேட்டேன், ஹெம்மிங்கும் ஹூக்கும் அவங்க பண்றேன்னு சொல்லியிருக்காங்க. சேர்ந்து தைக்கப் போறோம். முன்ன மாதிரி பத்துப் பதினஞ்சு ரவிக்கை ஆகாது. அதை நினைச்சா இன்னும் அழுகை வருது. அண்ணி பார்க்காதப்ப அழுதுக்கிறேன்.

புத்தூர்ல பயிற்சிக்கு வாரம் மூணு நாள் வரச் சொல்லியிருக்காங்க. இங்க இருந்து போய் வர முடியாது. நம்ம வீட்ல இருந்துதான் போகணும்.

இந்த லெட்டரை 'உங்களை மன்னிச்சுட்டேன்'னு ஆரம்பிக்கணும்னுதான் உட்கார்ந்தேன். அண்ணியும் அப்படித்தான் எழுதச் சொன்னாங்க. "எழுதிப் போடும்மா, எழுதினா தானா வந்துடும்"னாங்க. அந்த வார்த்தையை எழுதி எழுதி அடிச்சேன். வரலைங்க. காலையில வந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் துண்டு ஞாபகம் வந்தா போயிடும். உங்ககிட்ட ஏற்கெனவே நிறைய மறைச்சிருக்கேன், இதுலயும் பொய் எழுத எனக்கு இஷ்டம் இல்ல.

அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. நான் திங்கட்கிழமை வரேன்.

மேகலை